வாகை விதைக்கு ஊற்றிய தண்ணீர்

அனுப்புநர்:
சிவகாமி,
பொன்னுசாமியின் மனைவி,
அக்காள் அலமேலு வீட்டில்,
தேர் ரூஜ்.

பெறுநர்:
கனம் காலனி செயலாளர் துரை அவர்கள்,
அரசாங்க மாளிகை,
போர்ட் லூயி.

பொருள்: 1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி வெர் ப்ரே தோட்டத்து விதைக் கொட்டகையில் எவரும் எவர்மேலும் திராவகம் வீசவில்லை என்பதையும், அன்று கோர்ட்டாரிடம் மறைக்கப்பட்ட செய்தியையும் தெரிவித்து, என் கணவரின் வழக்கை மறுபடி விசாரிக்கக் கோருவது.

பார்வை: ஜூன் 1947-லும் மார்ச் 1948-லும் நான் அனுப்பி, தங்கள் அலுவலகத்தால் தள்ளப்பட்ட இரண்டு கருணை மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனு தமிழில் இருப்பதைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முன்னே வந்த இரண்டும் பிரெஞ்சில் இருந்தன. கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர் எழுதினார், நான் பெருவிரல் ரேகை வைத்தேன். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. என் குழந்தையைக் காட்டி இரக்கம் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். உண்மை அவற்றில் இல்லை என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

2. கோயில் பாட்டுப் புத்தகத்தால் தமிழ் படிக்க எனக்குச் சிறு வயதிலேயே வரும். எழுதத்தான் வராது. ஏதாவது ஒரு பாஷையில் நாலு வரி எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு உண்டு என்று சர்க்கார் சொன்ன பிறகு, சாந்த் குருவாவில் ஆறுமுகம் வாத்தியார் நடத்திய வகுப்பில் சேர்ந்து எழுதக் கற்றேன். ஆகஸ்டில் ஓட்டும் போட்டேன். அந்த எழுத்து இந்த மனுவுக்கு உதவும் என்று அப்போது நினைக்கவில்லை என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் அது பொய். இதற்காகத்தான் கற்றேன். பத்திகளுக்கு எண் போடச் சொன்னவரும் எழுத்துப் பிழை திருத்தியவரும் வாத்தியார். மற்றதெல்லாம் என்னுடையது. எழுதி முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று.

3. என் கணவரின் பெயரை நான் வாயால் சொல்லும் வழக்கமில்லை. மனு என்பதால் ஒரு முறை எழுதுகிறேன்: பொன்னுசாமி. வெர் ப்ரே தோட்டத்தில் மரநாற்றுப் பகுதியில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தவர். தோட்டத்து மேலாளரின் உதவியாளர் முசே செர்ஜ் அவர்களின் முகத்தில் கந்தகத் திராவகத்தை வீசினார் என்றும், பிறகு அவரைக் கால்வாயில் அமுக்கிக் கொல்லப் பார்த்தார் என்றும் 1947 ஜனவரியில் ஏழு வருஷக் கடுங்காவல் தண்டனை பெற்று இப்போது சிறையில் இருக்கிறார்.

4. எங்கள் வேலை இன்னதென்று கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றது விளங்காது. ஆகையால் பொறுமையுடன் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லப்போகும் ஐயா அவர்களையும், மரம் விதை என்று பேசுகிறாளே என்று இந்தப் பத்திகளைத் தாண்டிப் போய்விடாமல் இருக்கக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

5. 1945-ஆம் வருஷத்துப் புயல்களில் தோட்டத்துப் பாதையோர மரங்களெல்லாம் சாய்ந்துவிட்டன. காற்றுத் தடுப்புக்கும் விறகுக்கும் வாகை நட வேண்டும் என்று உத்தரவாயிற்று. இங்கே அதை ப்வா நுவார் என்பார்கள். வாகை விதையின் தோல் மிகவும் கெட்டி. அப்படியே மண்ணில் போட்டால் ஒன்று இந்த மாதம் முளைக்கும், ஒன்று அடுத்த மழைக்கு முளைக்கும், ஒன்று நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கென்று உள்ளேயே கிடக்கும். உயிர் இருக்கும், தண்ணீர் உள்ளே போக வழி இருக்காது. அதனால் விதைக்கு முன்னே தோலை இளக்க வேண்டும். எங்கள் பழைய முறை வெந்நீர். விதையை அகன்ற சட்டியில் பரப்பி, கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி அதன் மேல் ஊற்றி, சாக்கால் மூடி, மறுநாள் வரை வைப்போம். உப்பிய விதையை எடுத்து விதைப்போம். உப்பாததற்கு மறுபடி வெந்நீர். சட்டியைப் பிடிப்பதும் விதையைப் புரட்டுவதும் அவர் வேலை. தண்ணீர் ஊற்றுவது என் வேலை. கல்யாணமான வருஷத்திலிருந்து பதினாலு வருஷம் இந்தக் கையால் ஊற்றியிருக்கிறேன். விதை கீழே, தண்ணீர் மேலே. இந்த வரிசையைத் தாங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

6. முசே செர்ஜ் 1946 ஜூனில் எங்கள் பகுதிக்கு வந்தார். வெந்நீரில் பாதி விதைதான் ஒரே சமயத்தில் முளைக்கிறது, திராவகத்தில் நனைத்தால் முக்காலுக்கு மேல் முளைக்கும் என்றார். அவர் சொன்னது சரிதான். குறை சொல்ல வரவில்லை. ஆலையின் சோதனை அறையிலிருந்து கண்ணாடிக் குடுவையில் திராவகம் வந்தது. முறை இது: பீங்கான் ஜாடியில் விதையைப் போட்டு, மூழ்கும்படி திராவகம் ஊற்றி, மரத் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கால் மணி நேரம். குறைந்தால் தோல் இளகாது, மிஞ்சினால் உள்ளே பருப்பு வெந்துவிடும். எங்களிடம் கடிகாரம் இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு ஆலையில் முதல் சங்கு ஊதும்போது ஊற்றுவோம், கால் மணி கழித்து இரண்டாம் சங்கு ஊதும்போது எடுப்போம். ஜாடியின் வாயில் கம்பி வலையை வைத்துத் திராவகத்தைக் குடுவைக்கு வடித்துவிட்டு, விதையைப் பீப்பாய் நிறைந்த தண்ணீரில் ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். பீப்பாய் நிறையத் தண்ணீர் என்பதே இந்த முறைக்கு உயிர். கொஞ்சம் தண்ணீர் திராவகத்தின் மேல் விழுந்தால் அது கொதித்துச் சீறும். இதை முசே செர்ஜே எங்களுக்குச் சொன்னார். சொல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

7. கொட்டகையில் ஓர் ஆள்தான் இருக்கலாம் என்று அவர் உத்தரவிட்டார். பெண்கள் களை வரிசைக்குப் போக வேண்டும். ஜாடியை இரண்டு கையாலும் பிடித்து வடிக்கிற ஆள் வலையை எந்தக் கையால் பிடிப்பான், துடுப்பை எங்கே வைப்பான் என்று உத்தரவு போட்டவர் யோசிக்கவில்லை. ஆகவே சங்கு ஊதும் நேரத்தில் மட்டும் நான் களை வரிசையிலிருந்து நழுவி வருவேன். வேலை முடிந்ததும் திரும்பிவிடுவேன். என் பெயர் களை ஆட்களின் பட்டியலில் இருக்கும், நான் கொட்டகையில் இருப்பேன். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

8. ஆகஸ்டு மாதக் கடைசியில் தண்ணீர் வற்றியது. பீப்பாயை எடுத்துக்கொண்டு போனார்கள். நாளுக்கு ஒரு வாளி என்றார்கள். கொட்டகைக்குப் பின்னால் இருபது அடியில் கால்வாய் ஓடுகிறது, ஆனால் அது ஆலைக் கொதிகலன்களுக்குப் போகிற தண்ணீர், எங்கள் பகுதி ஆட்கள் தொடக் கூடாது. செப்டம்பர் 10-ஆம் தேதி, கரும்பு வெட்டுகிற ஆட்கள் வேலை நிறுத்திவிட்டு அலுவலக வாசலில் நின்ற நாளில், என் கணவரும் போய் அவர்களோடு நின்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பீப்பாயைத் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கால்வாயில் விதை கழுவ விடுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் யாராவது வெந்து சாவார்கள் என்று. கரும்புக்கே தண்ணீர் இல்லை, உன் கொட்டைக்கா என்று முசே செர்ஜ் எல்லோர் முன்னாலும் சிரித்தார். யாராவது வெந்து சாவார்கள் என்று எச்சரித்த அந்த வார்த்தையைத்தான் கோர்ட்டில் கொலை மிரட்டல் என்று படித்தார்கள். ஐயா, தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்திருந்தால் இந்த மனுவுக்கு வேலையே இல்லை.

9. இனி செப்டம்பர் 17. நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதுவரை ஒருவரிடமும் சொல்லாதது இது.

முதல் சங்குக்கு விதையைப் போட்டோம். வாளியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. இன்றைக்கு அவசரப்படக் கூடாது, திராவகம் சொட்டுச் சொட்டாக முழுதும் வடியட்டும், பிறகு விதையை வாளிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம் என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டினேன். இரண்டாம் சங்கு ஊதியது. அவர் ஜாடியை இரண்டு கையாலும் சாய்த்துப் பிடித்து வடித்துக்கொண்டிருந்தார், நான் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கை நீட்டி வலையைப் பிடித்திருந்தேன். அந்த நேரம் முசே செர்ஜ் உள்ளே வந்தார். நேரம் ஆகிறது, விதை வேகிறது, தண்ணீர் தண்ணீர் என்று சத்தம் போட்டுக்கொண்டே ஜாடிக்குள் பார்க்கக் குனிந்தார். பாதிதான் வடிந்திருந்தது. நான் வலையைக் கீழே வைத்துவிட்டு வாளியைத் தூக்கினேன். ஜாடிக்குள் ஊற்றினேன்.

விதை கீழே, தண்ணீர் மேலே. பதினாலு வருஷம் ஊற்றிய கை ஊற்றிவிட்டது. வேண்டாம் என்று அவர் சொல்ல வாய் திறப்பதற்குள் ஜாடி சீறி எழும்பியது. கொட்டகையின் மேல்கூரை வரைக்கும் தெறித்தது. குனிந்திருந்த முசே செர்ஜின் தாடையிலும் கன்னத்திலும் கழுத்திலும் பட்டது. என் கணவரின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்தன. என் மேல் ஒரு சொட்டும் படவில்லை. என் கணவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஊற்றியதால் அவர் உடம்பு எனக்கு மறைவாக இருந்தது. முசே செர்ஜ் என்னைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. பார்த்தும் சொல்லவில்லை என்று நினைத்து அவரைச் சபித்த நாளும் உண்டு. ஜாடிக்குள்ளேயே பார்த்திருந்து, தெறித்ததும் கண்ணை மூடிக்கொண்டவர் என்னத்தைப் பார்த்திருப்பார் என்று ஆறிப்போன நாளும் உண்டு.

10. வெந்த கையோடு என் கணவர் ஜாடியை மேசையில் வைத்துவிட்டு, முசே செர்ஜை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்கு ஓடினார். தொடக் கூடாத அந்தத் தண்ணீரில் அவரை இறக்கி, முகத்தை முக்கி முக்கி எடுத்தார். முசே செர்ஜுக்கு இன்றைக்கு இரண்டு கண்ணும் இருக்கிறதென்றால் அதனால்தான். தூரத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கண்டது, ஓர் ஆள் துரையைத் தண்ணீரில் அமுக்குவதை. கண்டதைச் சாட்சி சொன்னார்கள். அவர்களை நான் நொந்துகொள்ளவில்லை.

ஓடுவதற்கு முன்னே அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: ‘நீ இங்க இல்ல. களைக்குப் போ. வயித்தப் பாத்துப் போ.’ அப்போது எனக்கு ஆறு மாதம் கடந்திருந்தது.

11. அதன் பிறகு நான் செய்ததை எழுத என் கை கூசுகிறது. ஆனால் வழக்கு இதில்தான் இருக்கிறது.

கொட்டகையில் நானும் ஜாடியும் மட்டும் இருந்தோம். ஜாடியில் நான்கு கையளவு விதை அப்படியே கிடந்தது. தோல் இளகிய விதை காத்திருக்காது. கழுவாமல் விட்டால் வெந்துவிடும், கழுவிவிட்டு அன்றே விதைக்காவிட்டால் அழுகிவிடும். இது எங்கள் வேலையில் முதல் பாடம். ஒரு மனிதனுடைய முகம் வெந்துபோயிற்று, என் புருஷனுடைய கை வெந்துபோயிற்று, நான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு கால்வாயின் கீழ்ப்பக்கம், புதர் மறைவுக்குப் போய், அஞ்சாறு தண்ணீர் விட்டு விதையைக் கழுவி, முந்தானையில் முடிந்துகொண்டேன். ஜாடியையும் வலையையும் கழுவி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன், குடுவையை மூடி அதன் இடத்தில் வைத்தேன், எப்போதும் வைப்பதுபோல. வாளியை ஆணியில் மாட்டினேன். பிறகு களை வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் கீறி விதைத்தேன். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் பார்த்துவிட்டு, புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது, இவள் விதை போடுகிறாளே என்று காறித் துப்பினாள். அவள் துப்பியது நியாயம். ஏன் செய்தாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்ல முடியும்: கைக்குத் தெரிந்தது அதுதான். வேறொன்றும் செய்யத் தெரியாமல் தெரிந்ததைச் செய்தேன்.

12. போலீசார் வந்து பார்த்தபோது ஜாடி காலி. வாளி காய்ந்து ஆணியில் தொங்கியது. விதையும் இல்லை, தண்ணீர் ஊற்றிய அடையாளமும் இல்லை. விதை கழுவுகிற வேலை நடந்ததாக எதுவும் அங்கே சொல்லவில்லை. காலி ஜாடியைக் கோர்ட்டு மேசையில் வைத்து, இதிலிருந்த அத்தனையையும் முகத்தில் வீசியிருக்கிறான் என்றார்கள். அந்த ஜாடியைக் காலி செய்தவள் நான். கோர்ட்டில் கூட்டத்தோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் குழந்தை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

13. கோர்ட்டார் என் கணவரைக் கேட்டார்கள்: தண்ணீர் விழுந்ததால் சீறியது என்கிறாய், ஜாடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன் என்றும் சொல்கிறாய், அப்படியானால் வாளியைத் தூக்கியது எந்தக் கை என்று.

அவர் பேசவில்லை. மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் இல்லாததால் குற்றம் உறுதியாயிற்று என்று தீர்ப்பில் எழுதியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் நான். அந்தக் கை இந்தக் கை. இந்த மனுவை எழுதுகிற கை.

14. அன்று கொட்டகையில் இல்லை, களை வரிசையில் இருந்தேன் என்று போலீசாரிடம் நான் சொன்னதும், பிரெஞ்சில் எழுதிய அந்த வாக்குமூலத்துக்கு ரேகை வைத்ததும் பொய். களை ஆட்களின் பட்டியலும் என் பொய்க்குத் துணை நின்றது. போலீஸ் நிலையத்து ஜன்னலில் அவரைப் பார்க்க விட்டபோது, என் கையை என் வயிற்றின் மேலேயே வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். சிறையில் பிள்ளை பெறக் கூடாது என்பதே அவருக்கு எல்லாம். பெண் பிறந்தாள். தெய்வானை என்று பெயர் வைத்தோம். வைத்தேன். டிசம்பரில் அவளுக்கு இரண்டு வயது ஆகிறது. அப்பா என்ற சொல்லை அக்காள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லுகிறாள்.

15. இரண்டு வருஷம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று தாங்கள் கேட்பீர்கள். சத்தியத்தால் என்று எழுதலாம். பயத்தால் என்பதுதான் சரி. முதல் வருஷம் மாதா மாதம் பார்க்கப் போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது ஒரே பேச்சு: ‘நாளு ஓடிரும். வாயத் தெறக்காத.’ எனக்கும் அது வசதியாக இருந்தது. இதை எழுதுவதற்குத்தான் நான்கு நாள் பிடித்தது, மற்றதற்கு ஏழு.

16. இந்த வருஷம் ஜூலையிலிருந்து அவர் என்னைப் பார்க்க வருவதில்லை. நான் போகிறேன், பெயர் கொடுக்கிறேன், காத்திருக்கிறேன், ஆள் வரவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். போல் என்ற பெயருள்ள சிறைக் காவலர் ஒருவர், போர்ட் லூயியில் டிராங்கெபார்ப் பகுதிக்காரர், இரக்கமுள்ளவர். அவர்மேல் நடவடிக்கை எதுவும் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். அக்டோபரில் அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். உன் புருஷன் யாரோடும் பேசுவதில்லை, உடம்பில் நோய் ஒன்றும் இல்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. சிறை வாசலில் ஒரு வாகை மரம் நிற்கிறது, காய்ந்த காய் காற்றில் முற்றத்தில் விழும். அதைப் பொறுக்கி, விதையை எடுத்து, சிமெண்டுத் தரையில் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். ஓய்வு நேரம் முழுதும் அதே வேலை. ஒன்றைத் தேய்த்து முடித்தால் சுவரோரம் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறான். விதைப்பதில்லை. விரல் நுனியெல்லாம் தேய்ந்து புண்ணாகிவிட்டது.

எங்கள் வேலையில் அப்படியும் ஒரு முறை உண்டு, ஐயா. நாலைந்து விதைதான் இருக்கிறது, வெந்நீர் வைக்க நேரமில்லை என்றால், தோலைக் கல்லில் தேய்த்து ஒரு பக்கம் மெலிதாக்கி விதைப்போம். தண்ணீரும் வேண்டாம், திராவகமும் வேண்டாம். இரண்டாவது ஆளும் வேண்டாம். அந்தக் காவலர் சொன்னதைக் கேட்டு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. பஸ் ஏறவில்லை, நடந்துதான் வந்திருக்கிறேன், கால் வீங்கியிருந்தது. ஏழு வருஷம் ஓடிவிடும் என்று அவர் சொன்னது தப்பு. ஓடாது. ஓடினாலும் வெளியே வருகிறவர் அவராக இருக்கமாட்டார்.

17. நான் சொல்வதற்குச் சாட்சி உண்டா என்றால், மூன்று உண்டு.

முதலாவது கொட்டகையின் கூரை. ஜாடி இருந்த மேசைக்கு நேர் மேலே கூரைப் பலகையில் திராவகம் தெறித்துக் கருகிய பொட்டுகள் உண்டு. எதிரே நிற்கிறவன் முகத்தில் வீசினால் அது கூரைக்குப் போகாது. கோர்ட்டார் கொட்டகையைப் பார்க்க வந்தபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

இரண்டாவது பூங்காவனம். அன்று மத்தியானம் நான் விதை போட்டதைக் கண்டவள். அவள் இன்னமும் தோட்டத்துக் குடியிருப்பில் இருப்பதால் தானாக வரமாட்டாள். தாங்கள் அழைத்தால் சொல்வாள். என்னைப் பிடிக்காதவள், ஆகையால் எனக்காகப் பொய் சொல்லமாட்டாள்.

மூன்றாவது மரங்கள். வீசப்பட்டதாகச் சொல்லும் அந்த ஜாடி விதை, நாங்கள் இருந்த வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் முப்பத்தெட்டு மரமாக நிற்கிறது. பத்தே நாளில் ஒன்றாக முளைத்தது. ஆடு தின்றதும் நான் பிடுங்கிக் களைந்ததும் போக மிச்சம் இவ்வளவு. எல்லாம் ஒரே உயரம், கூரையைத் தாண்டிவிட்டது. பக்குவப்படுத்தாத வாகை விதை இப்படி வரிசையாக ஒரே நாளில் எழும்பாது. திராவகத்திலேயே விடப்பட்ட விதை முளைக்கவே முளைக்காது. கால் மணி திராவகத்தில் இருந்து, வடிக்கப்பட்டு, தண்ணீர் பட்டு, கழுவப்பட்ட விதைதான் அப்படி வரும். சர்க்காரில் மரம் தெரிந்த துரைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னால், நான் சொல்வதைவிட அவை நன்றாகச் சொல்லும்.

18. ஆனால் நாள் இல்லை. அந்த வரிசை வீடுகளை இடித்துக் கரும்பு நடப் போகிறார்கள். வெட்டு முடிந்ததும், ஜனவரியில், வேலை தொடங்கும் என்று பூங்காவனத்தின் வீட்டுக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. கொட்டகைக்கும் புதுக் கூரை போடப் போவதாகப் பேச்சு. தண்டனை ஆனவுடன் தோட்டத்திலிருந்து என்னை அனுப்பிவிட்டதால் உள்ளே போய்த் தடுக்க எனக்கு உரிமை கிடையாது. பெரிய பாதையில் போகும்போது மரங்களின் தலை மட்டும் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே அந்தப் பக்கம் போகிறேன்.

19. முசே செர்ஜ் இப்போது தோட்டத்தில் இல்லை, க்யூர்பிப்பில் அவர் தாயாரோடு இருக்கிறார் என்று கேள்வி. அவர் முகத்தைக் கெடுத்தவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் செய்தேன். முடிந்தால் இந்த வரியை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தண்ணீர் தண்ணீர் என்று கத்தியது யார் என்று அவர் ஒரு முறை தனியாக யோசித்துப் பார்த்தால் போதும்.

20. ஆகவே நான் தங்களிடம் கேட்பவை:

ஜனவரிக்கு முன்னே தகுந்த ஒருவரை அனுப்பிக் கூரையையும் மரங்களையும் பார்வையிட்டு எழுதி வைக்கச் செய்ய வேண்டும். வழக்கைத் திருப்பி எடுக்க வேண்டும். இந்தத் தடவை நான் கருணை கேட்கவில்லை. கருணை தப்பு செய்தவருக்கு. அவர் செய்த தப்பு பேசாமல் இருந்தது மட்டும்.

கவனக்குறைவு குற்றமானால் அது என்னுடையது. பொய் வாக்குமூலம் குற்றமானால் அதுவும் என்னுடையது. என்னைப் பிடித்துக்கொண்டு போகலாம். பெண்ணை அக்காள் பார்த்துக்கொள்வாள், பேசி வைத்திருக்கிறேன். நான் சொல்வதை நம்ப முடியாவிட்டால், கோர்ட்டிலேயே ஒரு பீங்கான் ஜாடியும் நான்கு கை விதையும் கொஞ்சம் திராவகமும் அரை வாளித் தண்ணீரும் வைக்கட்டும். எல்லோரும் எட்டி நிற்கட்டும். நான் ஒருத்தியே கிட்ட நின்று, அன்று ஊற்றியதுபோல ஊற்றிக் காட்டுகிறேன்.

21. இந்த மனுவுக்கும் மற்ற இரண்டின் கதிதான் என்றால் அதற்கும் நான் ஆச்சரியப்படமாட்டேன். நம்பிக்கையோடு எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதினேன். வழக்கைத் தொட முடியாது என்று தாங்கள் தீர்மானித்தாலும், கடைசியாக ஒன்றே ஒன்று மட்டும் செய்து தர வேண்டும். அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். தமிழ் தெரிந்த யாரையாவது சிறைக்கு அனுப்பி, அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லி, உன் பெண்சாதி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டாள், வாளி அவள் கையில் இருந்ததைச் சர்க்காருக்குச் சொல்லிவிட்டாள், இனிமேல் நீ பேசலாம் என்று அவரிடம் சொல்லச் சொல்ல வேண்டும்.

திரும்பிப் பார்க்காவிட்டால் இன்னொரு முறை சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சிவகாமி
(கைரேகை அல்ல, என் கையெழுத்து)

இடம்: தேர் ரூஜ்
நாள்: 22 நவம்பர் 1948